அண்டி ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் காப்பாற்ற, வேலை செய்கிற நாங்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: குழித்துறைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில், கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கொட்டை உடைப்பதும் தோல் எடுப்பதும் தரம் பிரிப்பதும் பின்கட்டில் நடக்கும். முன்கட்டில் நாங்கள் எட்டுப் பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். அதையெல்லாம் பார்த்துக்கொள்ள என்று தனியாக ஆள் கிடையாது. ஏதாவது ஓடவில்லை என்றால் நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வந்து சரி செய்துவிட்டுப் போவார்.

கணக்கு எழுதுகிற டாலி மென்பொருள் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது, மற்ற எல்லாரும் அந்த போல்டரை ஷேரிங்கில் திறக்கிறோம். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு லோடு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் வரை எல்லாருக்கும் தெரியும். லோடு அனுப்ப ஆன்லைனில் எடுக்கிற இ-வே பில் போட ஓடிபி முதலாளி போனுக்கு வரும். அவர் தூத்துக்குடி துறைமுகத்தில் இருந்தால் போனை எடுக்கும்வரை வண்டி வாசலிலேயே நிற்கும். முதலாளியின் மகன் வீட்டிலிருந்தே கணக்கு பார்க்க ஏதோ வழி போட்டு வைத்திருக்கிறார்கள், அது என்ன வழி என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு கம்பெனியில் காலையில் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. பெயரெல்லாம் மாறிக் கிடக்கிறது, பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. பேக்கப் ஹார்டு டிஸ்க் அதே கம்ப்யூட்டரில் எப்போதும் செருகியே இருந்ததால் அதுவும் போய்விட்டது. இப்போது பில் புத்தகத்தையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் வைத்துக் கணக்கைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிறவள் என்னோடு படித்தவள். "யார் கிளிக் செய்தது" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிற்க வைத்துக் கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள்.

அதிலிருந்து எங்கள் முதலாளிக்கும் பயம். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, நீ பார்த்துக்கொள்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது டாலியும் எக்செலும்தான். பெரிய கருவி வாங்கச் சொல்லாதீர்கள். எங்கள் எட்டுப் பேர் கையால் ஆகக்கூடியது என்ன, முதலாளியிடம் கேட்டு வாங்க வேண்டியது என்ன, அதை மட்டும் சொல்லுங்கள்.

பதில்: வடசேரி லேன்

நான் இந்த வேலைதான் செய்கிறேன். தோவாளையிலிருந்து களியக்காவிளை வரை சின்ன ஆபீஸ்கள், நகைக்கடை, ஸ்கேன் சென்டர், அண்டி ஆபீஸ் என்று பல இடங்களில் வயர் இழுத்து நெட்வொர்க் போட்டுப் பராமரிக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழிக்கு நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் முக்கியமான விஷயம் அங்கேதான் இருக்கிறது. நான் போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் யாரோ ஒருவர் முன்பே எதையோ கவனித்திருப்பார். ஒரு மெயிலைத் திறந்ததும் கறுப்புப் பெட்டி ஒன்று வந்து மறைந்திருக்கும். மவுஸ் தானாக நகர்ந்திருக்கும். வழக்கமாக வருகிற ஆன்டிவைரஸ் ஐகான் காணாமல் போயிருக்கும். பார்த்தவர் சொல்லியிருக்க மாட்டார். திட்டு விழும், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். கம்ப்யூட்டருக்குள் நுழைந்த திருடன் பல நேரம் உடனே எல்லாக் கோப்புகளையும் பூட்டுவதில்லை. முதலில் எந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது, பேக்கப் எங்கே என்று தேடுகிறான். நம்மிடம் இருக்கிற நேரம் அதுதான், அந்த நேரத்தைப் பயம் தின்றுவிடுகிறது.

அதனால் முதலாளியிடம் முதலில் கேட்க வேண்டியது பணமோ கருவியோ இல்லை. "சந்தேகமாக எதையாவது பார்த்தாலோ தெரியாமல் எதையாவது திறந்துவிட்டாலோ உடனே சொல்லுங்கள். சொன்னவர்மேல் எந்த நடவடிக்கையும் இருக்காது" என்று அவரே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். முடிந்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். இதைச் செய்யாத ஆபீஸில் மற்ற எதைச் செய்தாலும் பாதிதான் பலன் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, ஒருவர் சந்தேகப்பட்டால் கை என்ன செய்ய வேண்டும்? கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருக்கிற லேன் கேபிளைப் பிடுங்க வேண்டும், வைஃபை என்றால் அதை அணைக்க வேண்டும். கம்ப்யூட்டரை ஆஃப் செய்ய வேண்டாம், மெமரியில் இருக்கிற தடயம் அதோடு அழிந்துவிடும். நெட்வொர்க்கைத் துண்டிக்கவே முடியவில்லை என்றால் மட்டும் ஆஃப் செய்யுங்கள். திரையைப் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். யார் வந்தாலும் முதல் வேலையாக ஃபார்மட் செய்ய விடாதீர்கள். கோப்பைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸைத்தான் ரான்சம்வேர் என்கிறோம், அதில் சில வகைக்குப் பூட்டைத் திறக்கும் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஃபார்மட் செய்துவிட்டால் அந்த வாய்ப்பும் போயிற்று. இன்னொன்று, 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி இப்படிப்பட்ட தாக்குதலைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சின்ன கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். மறைத்து வைக்கிற விஷயமில்லை இது என்று முதலாளிக்குப் புரிய வைக்க இந்த ஒரு தகவல் உதவும்.

அடுத்தது ஒரே பாஸ்வேர்டு விவகாரம். இதை நாளைக்கே மாற்றுங்கள். எட்டுப் பேரும் ஒரே பெயரில் நுழைந்தால் யார் என்ன செய்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, பழி எளிதாகக் கிடைக்கிறவர் தலையில் விழும். தனித்தனி லாகின் என்பது கம்பெனிக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் பாதுகாப்பு. விண்டோஸில் ஆளுக்கொரு கணக்கு, அதுவும் ஸ்டாண்டர்டு கணக்கு. அட்மின் பாஸ்வேர்டு தனியாக முதலாளியிடம் இருக்கட்டும். அப்போது தெரியாமல் ஏதாவது இன்ஸ்டால் ஆகப் பார்த்தால் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும், அந்த இடத்தில் நீங்கள் யோசிப்பீர்கள். டாலியிலும் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் போடலாம், யாருக்கு எதைத் திருத்த அனுமதி என்றும் பிரிக்கலாம்.

பாஸ்வேர்டு நீளமாக இருந்தால் போதும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினாலே நல்ல பாஸ்வேர்டு. மாதாமாதம் மாற்றச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் எல்லாரும் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிக்கொண்டே போவார்கள். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017-லிருந்து காலக்கெடு வைத்து மாற்ற வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஒரு நோட்டில் எழுதிப் பூட்டிய மேஜையில் வைத்தால் நான் தப்பு சொல்ல மாட்டேன். மானிட்டரில் ஒட்டுவதைத்தான் எந்த ஆபீஸில் பார்த்தாலும் பிய்த்துவிட்டு வருவேன்.

இ-வே பில் ஓடிபி பற்றி எழுதியிருந்தீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அந்தத் தளத்தில் எல்லாருக்கும் ஓடிபி கட்டாயம். ஆனால் ஒவ்வொரு ஊழியருக்கும் துணைப் பயனர் உருவாக்கி அவரவர் போன் எண்ணைக் கொடுக்க அதே தளத்தில் வழி இருக்கிறது. அதைச் செய்துவிட்டால் வண்டியும் நிற்காது, போனில் ஓடிபியைக் கேட்டு வாங்கும் பழக்கமும் நின்றுபோகும். முதலாளி தன் ஓடிபியைப் போனில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டால், ஒருநாள் உங்கள் குரலில் இன்னொருவர் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

மெயில். விண்டோஸ் சாதாரணமாகக் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடும். பிடிஎஃப் என்று தெரிகிற பெயருக்குப் பின்னால், திறந்ததும் ஓடத் தொடங்குகிற இஎக்ஸ்இ ஒளிந்திருக்கும். எட்டுக் கம்ப்யூட்டரிலும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிடுங்கள், சில நிமிட வேலை. ஜிஎஸ்டி நோட்டீஸ், கூரியர் நின்றுவிட்டது, வருமான வரி ரீஃபண்ட் என்று வருகிற மெயிலில் இருக்கும் லிங்கைத் தொடாமல், அந்தந்தத் தளத்தை நீங்களே டைப் செய்து உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையான நோட்டீஸ் என்றால் அங்கேயும் இருக்கும். எக்செல் கோப்பைத் திறந்ததும் 'எனேபிள் கன்டென்ட்' அழுத்து என்று சொன்னால் அழுத்தாதீர்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக, அதாவது போனில் ஆப் இன்ஸ்டால் செய்கிற கோப்பாக, வருகிற கல்யாணப் பத்திரிகையும் போக்குவரத்து அபராதமும். நம் ஊரில் கல்யாண சீசனில் பத்திரிகை வாட்ஸ்அப்பில்தான் குவிகிறது, அதனால் நன்றாகவே ஏமாறுவோம். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், இன்ஸ்டால் செய் என்று கேட்காது.

முதலாளி மகன் வீட்டிலிருந்து பார்க்கிற வழிதான் எனக்குப் பெரிய கவலை. ரவுட்டரில் போர்ட் என்கிற வாசலைத் திறந்து, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டில் விட்டிருந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து பாஸ்வேர்டை முயன்று பார்க்கலாம், இரவு பகலாக முயன்றுகொண்டுதான் இருப்பார்கள். அந்த வாசலின் எண் வழக்கமாக 3389. உங்கள் சர்வீஸ் ஆளிடம் "3389 போர்ட் வெளியே திறந்திருக்கிறதா" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். ஆம் என்றால் அன்றைக்கே மூடச் சொல்லுங்கள், அதற்குப் பதில் அனுமதி பெற்றவர் மட்டும் நுழைகிற பாதுகாப்பான தனி வழியான விபிஎன் போட்டுத் தரட்டும். தூரத்திலிருந்து இயக்குகிற எனிடெஸ்க் மென்பொருள் என்றால் ஆள் உட்கார்ந்து அனுமதித்தால் மட்டும் இணைகிற மாதிரி வையுங்கள். நீங்கள் கூப்பிடாமல் "சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து பேசுகிறேன், அந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று வருகிற போனை வைத்துவிடுங்கள்.

லாரிக்காரர்களுக்கு வைஃபை கொடுப்பதில் தப்பில்லை. இப்போதைய ரவுட்டர் பெரும்பாலானவற்றில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களோடு சேராத கெஸ்ட் வைஃபை இருக்கிறது, அதைக் கொடுங்கள். கேமரா டிவிஆர் பாஸ்வேர்டையும் ரவுட்டர் பாஸ்வேர்டையும் வாங்கும்போது இருந்தபடியே விட்டிருப்பார்கள், மாற்றச் சொல்லுங்கள்.

அப்டேட் கேட்டால் 'பிறகு' என்று தள்ளாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, எட்டில் எத்தனை அது என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்காத கிராக் விண்டோஸ் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதை ஆக்டிவேட் செய்கிற கருவிக்குள்ளேயே பல நேரம் திருடன் இருக்கிறான்.

பேக்கப்புக்கு இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். வாங்கச் சொல்லாதே என்றீர்கள், இது ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். ஒன்று ஆபீஸில், ஒன்று முதலாளி வீட்டு அலமாரியில், வாரம் மாற்றி வாரம். நகல் எடுத்ததும் கேபிளைக் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, ஐப்பசி இடியில் மோடமும் சுவிட்சும் போவதை வருடாவருடம் பார்க்கிறேன். கழற்றி வைத்த டிஸ்க் அதற்கும் தப்பும். எப்போதாவது அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் போட்டு டாலி திறக்கிறதா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

பதில்: குளச்சல் எக்ஸ்போர்ட்

அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். பணம் அனுப்புவதைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டு பில் பார்க்கிறேன்.

முந்திரிக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வாங்குகிறீர்கள், பணம் இங்கிருந்து போகிறது. அந்த மெயில் போக்குவரத்தைத்தான் குறி வைப்பார்கள். விற்கிறவர் மெயிலிலோ உங்கள் மெயிலிலோ நுழைந்து சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருப்பார்கள். எந்த லோடு, எவ்வளவு தொகை, எந்த நாள் என்று எல்லாம் தெரிந்த பிறகு சரியான நேரத்தில் ஒரு மெயில் வரும்: "எங்கள் வங்கியில் ஆடிட் நடக்கிறது, இந்தத் தடவை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்." இன்வாய்ஸ் எண் சரி, தொகை சரி, கையெழுத்தும் சரி. மெயில் முகவரியில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. எங்களுக்கு ஐஸ் பெட்டி விற்கிறவர் பெயரில் இப்படி ஒன்று வந்தது. கணக்கு இருந்த ஊருக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்று எங்கள் கேஷியர் அக்கா சந்தேகப்பட்டு, பழைய பில்லில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டார். அவர்கள் அப்படி எதையும் அனுப்பவில்லை.

அன்றிலிருந்து ஒரே விதி. வங்கிக் கணக்கு மாற்றம் என்று வந்தால், அந்த மெயிலில் இருக்கிற நம்பருக்கு அல்ல, நம்மிடம் முன்பே இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டு, நமக்குத் தெரிந்த ஆளின் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாயும் போகாது. முதலாளி அவசரப்படுத்தினாலும் போகாது. இதை அவரே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

இதுவே தலைகீழாகவும் நடக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நம் மெயிலைப் பிடித்து, நம்மிடம் பருப்பு வாங்குகிறவருக்கு நம் பெயரில் வேறு கணக்கு எண் அனுப்புவார்கள். ஏமாறுவது அவர், கெடுவது நம் பெயர். அதனால் எங்கள் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் "எங்கள் வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலில் தெரிவிக்க மாட்டோம்" என்று அச்சிட்டிருக்கிறோம். மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு போனுக்கு வருகிற கோடையும் கேட்கிற மாதிரி, போடுங்கள். செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து, நீங்கள் போடாத முகவரி எதற்காவது நகல் போகிறதா என்று பாருங்கள்.

பணம் போய்விட்டால் முதல் போன் உங்கள் வங்கிக்கு, இரண்டாவது சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குத்தான் நிறுத்தி வைக்க முடியும். நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது.

பதில்: தக்கலை லேப் டீச்சர்

எங்கள் பள்ளி லேபில் எல்லாம் லினக்ஸ்தான், வைரஸ் தொல்லை இல்லவே இல்லை. நீங்களும் மாறிவிடுங்களேன்?

பதில்: வடசேரி லேன்

டீச்சர், பிள்ளைகள் லேபுக்கு அது மிக நல்ல முடிவு. அண்டி ஆபீஸில் டாலி விண்டோஸைக் கேட்கும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேறு இருக்கும், பழகிய ஆட்களும் திணறுவார்கள். தவிர, குளச்சல்காரர் சொன்ன மெயில் ஏமாற்று எந்த சிஸ்டத்தில் படித்தாலும் ஒன்றுதான்.

பதில்: குழித்துறைக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேசாமல் இருந்தவர்மேல் தப்பு என்று நினைத்திருந்தேன், பேச முடியாதபடி வைத்திருப்பதுதான் பிரச்சினை என்று இப்போது புரிகிறது. இதை அப்படியே அச்சடித்து முதலாளியிடம் கொடுக்கப் போகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. எங்கள் சூப்பர்வைசர் கூலிப் பட்டியலை பென் டிரைவில் கொண்டுபோய் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வருவார், திரும்பி வந்ததும் அதை அப்படியே என் கம்ப்யூட்டரில் செருகுவார். பெரியவர், பதினைந்து வருடமாக இருக்கிறார், எப்படிச் சொல்வது? இன்னொன்று, கம்பெனி மெயிலைத் தொடங்கியது முன்பு இங்கே இருந்த ஒரு அண்ணன். அவர் போன் நம்பர்தான் அதில் இன்னும் இருக்கிறது. அடுத்த மாதம் சவூதிக்குப் போகிறார். நல்ல மனிதர், அவரால் ஆபத்து வராது.

பதில்: வடசேரி லேன்

பெரியவரிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வேலையை எளிதாக்கிக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் நூறு பேர் பென் டிரைவ் போகிறது, அங்கிருந்துதான் கோப்பையெல்லாம் மறைத்து ஷார்ட்கட்டாகக் காட்டுகிற வைரஸ் வருகிறது. பட்டியலைப் பிடிஎஃப்பாக்கிக் கடையின் மெயிலுக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள், அவர் போய்த் தாளை மட்டும் வாங்கி வரட்டும். நடை ஒன்றுதான், செருகுகிற வேலை மிச்சம். அதோடு, ஏன் என்று அவருக்குச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் அவரே மற்றவர்களைத் தடுப்பார். வயதில் மூத்தவர் சொன்னால் நம் ஆபீஸ்களில் எடுபடும்.

மெயில் விஷயத்தில், அந்த அண்ணன் நல்லவர் என்பதை நானும் நம்புகிறேன். பிரச்சினை அவர் இல்லை, அந்தக் கணக்கு. 2021-ல் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற பெரிய எண்ணெய்க் குழாய் நிறுவனமே ரான்சம்வேர் தாக்கி நின்றுபோனது. நுழைந்த வழி, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் பாஸ்வேர்டு. இரண்டடுக்குச் சரிபார்ப்பும் அதற்கு இல்லை. யாரோ வைத்துவிட்டுப் போன கணக்கை யாரும் கவனிப்பதில்லை, அதுதான் வசதி அவர்களுக்கு. மேலும் அவர் அங்கே போய் இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், கொஞ்ச காலத்தில் அந்த நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். அப்போது உங்கள் கம்பெனி மெயிலின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும்.

அவரை ஒரு நாள் ஆபீஸுக்கு வரச் சொல்லுங்கள். டீ வாங்கிக் கொடுத்து, அவர் கையாலேயே மெயிலில் ரெக்கவரி நம்பரைக் கம்பெனி நம்பருக்கு மாற்றச் சொல்லுங்கள், பாஸ்வேர்டை முதலாளி போடட்டும், லாகின் ஆகியிருக்கிற பழைய போன்களை எல்லாம் வெளியேற்றுங்கள். ஜிஎஸ்டி, சுங்கத் துறையின் ஐஸ்கேட், வங்கித் தளம் என்று வேறு எங்கெல்லாம் அவர் நம்பர் கொடுத்திருக்கிறார் என்றும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மெயிலில் நம்பரை மாற்றினாலும் சில நாள் வரை பழைய நம்பருக்கே கோடு போகலாம், அதனால் அவர் விமானம் ஏறுவதற்கு இரண்டு வாரமாவது முன்னால் செய்துவிடுங்கள்.